புதுப்பிப்பு: புதிய மடிக்கணினியில் விண்டோஸ் 98

1984இல் 'கிளாஸ்' எனும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின் கீழ் நம் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கணினிக்கான, டாஸ் காலத்து எமுலேட்டர் (ஒரு கணினியைப் போலவே மற்றொன்றை நடந்துகொள்ளச் செய்யும் மென்பொருள்) ஒன்றை இயக்க, புதிய மடிக்கணினியில் விண்டோஸ் 98-ஐ நேரடியாக நிறுவ முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடியவில்லை. விண்டோஸ் 98-க்குத் தேவையான பழைய பயோஸ் முறையில் துவங்க உதவும் சிஎஸ்எம் வசதி, இதன் யூஇஎஃப்ஐ-யில் (கணினியைத் துவக்கும் புதிய வகை உள்மென்பொருள்) அறவே இல்லை. இதிலுள்ள 64 பிட் விண்டோஸிலோ அந்த எமுலேட்டர் போன்ற 16 பிட் நிரல்கள் இயங்குவதில்லை.

ஆகவே பழைய கணினிகளுக்கான எமுலேட்டரான 86பாக்ஸ் மென்பொருளில் ஒரு பென்டியம் கணினியை அமைத்து, அதில் விண்டோஸ் 98-ஐ நிறுவி, 64 எம்பி நினைவகம் மட்டும் ஒதுக்கினேன். (தாராளமாக 512 எம்பிக்கு மேல் கொடுத்தால், வட்டுத் தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் அதன் விகேஷ் பகுதி அளவுமீறி வளர்ந்து, போதிய நினைவகம் இல்லை என்று விண்டோஸ் 98 புலம்பக்கூடும் என்பது தனி வேடிக்கை.) எமுலேட்டருக்குள் எமுலேட்டர் ஓடுவதால் ஒலி முதலில் விட்டுவிட்டு வந்தது; பென்டியத்தின் வேகத்தை 166 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100-க்கு இறக்கியதும் சீரானது.

மீதமிருப்பது பழைய பிபிசி மைக்ரோ வட்டுகளைப் படிப்பதுதான். ரிச்சி தெருவில் கிடைக்கும் யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் 3.5 அங்குலத்துக்கானது, என்னிடமுள்ள 5.25 அங்குல, ஒற்றை அடர்த்தி வட்டுகளுக்குப் பழைய டிரைவும், அதை யூஎஸ்பி வழியே கணினியுடன் இணைக்கும் கிரீஸ்வீசல் போன்ற மின்சுற்றுப் பலகையும் வேண்டும். இயங்கும் நிலையில் அத்தகைய டிரைவ் சென்னையில் யாரிடமாவது இருந்தால் தெரிவிக்கவும்.