பறவைக் கூட்டின் படம் போடலாமா, கூடாதா?

முக்காலி:
நேற்று நான் நம் பறவைப்படக் குழுவில் போட்ட தையல்சிட்டுப் படத்தை நெறியாளர் நீக்கிவிட்டார். அலகில் புழுவோடு கூட்டுக்கு வரும் தாய்ப்பறவை, நல்ல காலை வெளிச்சம். காரணம் ஒரே வரிதான்: கூட்டுப் படங்களுக்கு இங்கே இடமில்லையாம். நான் கிளையை ஒடிக்கவில்லை, ஃபிளாஷ் போடவில்லை. கூட்டை மறைத்த இரண்டு இலைகளை நூலால் ஒதுக்கிக் கட்டி, அரை மணி நேரத்தில் அவிழ்த்துவிட்டேன். இதில் என்ன தப்பு?

சாம்பல்நாரை:
அந்த இரண்டு இலைகள்தான் தப்பு. தையல்சிட்டு இலையின் ஓரத்தைத் துளைத்து, பஞ்சும் சிலந்தி நூலும் கோத்து எதற்காகத் தைக்கிறது? சுற்றியிருக்கிற இலைகளுக்கு நடுவே கூடும் ஓர் இலையாகத் தெரியத்தான். நீங்கள் அந்தத் திரையையே விலக்கியிருக்கிறீர்கள். இறகு முளைக்காத குஞ்சால் தன் உடல் சூட்டைச் சமாளிக்க முடியாது, நேர் வெயில் பட்டால் துவண்டுவிடும். அப்புறம் காகம். ஒரே புதரைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதன் நிற்பதை அதுவும் கவனிக்கும். நீங்கள் நூலை அவிழ்த்துவிட்டுப் போன பிறகு அது வந்ததா இல்லையா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று, அது தாய்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? இரண்டுமே இரை ஊட்டும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு வாலின் நடு இறகு நீண்டிருக்கும், பார்த்துச் சொல்லுங்கள்.

பழைய ஃபிலிம்காரன்:
பறவைப் படக்கலை நடை பழகியதே கூட்டருகில்தான் ஐயா. கியர்ட்டன் சகோதரர்கள் 1892இல் இங்கிலாந்தில் முட்டைகளோடு ஒரு பறவைக் கூட்டைப் படம் எடுத்தார்கள். பிறகு மாட்டுத் தோலில் ஒரு பொய் மாடு செய்து அதற்குள் ஒளிந்துகொண்டுகூட எடுத்தார்கள். அன்றைய கண்ணாடித் தகட்டுக் கேமராவுக்கு, பறவை திரும்பத் திரும்ப வந்து நிற்கிற இடம் தேவைப்பட்டது. கூட்டை விட்டால் அப்படி ஓர் இடம் ஏது?

நான் கற்றுக்கொண்ட முறையைச் சொல்கிறேன். மறைவுக் கூடாரத்தை முதல் நாள் தொலைவில் நட்டுவிட்டு வந்துவிட வேண்டும். பறவை அதைச் சட்டை செய்யாமல் இரை கொண்டுபோகிறதா என்று பார்த்து, நாளுக்குக் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்த வேண்டும். எடுக்கும் நாளன்று இரண்டு பேர் உள்ளே போய், ஒருவர் மட்டும் வெளியே வந்து நடந்துவிட வேண்டும். ஆள் போய்விட்டான் என்று பறவை பெரும்பாலும் நம்பிவிடும். கூடு கட்டும்போதும் அடைகாக்கத் தொடங்கும்போதும் கிட்டவே போகக் கூடாது, அப்போதுதான் கூட்டைக் கைவிடும் ஆபத்து அதிகம். பறக்கப்போகிற குஞ்சுகளையும் நெருங்கக் கூடாது, மிரண்டு நாளுக்கு முன்பே வெளியே குதித்துவிடும். இதெல்லாம் தெரிந்து எடுத்தவரையும் தெரியாமல் எடுத்தவரையும் ஒரே வரியில் தள்ளிவிடுவது நெறியாளருக்குச் சுலபமான வேலை, அவ்வளவுதான்.

ஆறுமணி வெளிச்சம்:
சாம்பல்நாரை சொல்வது பாதி ஊகம். ஆராய்ச்சியாளர்கள் கூடுகளுக்குப் போய்வருவது பற்றி 2012இல் ஐபிஸ் என்ற பறவையியல் இதழில், பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு வந்தது. அப்படிப் போய்வருவதால் வேட்டையாடிகளிடம் பறிபோகும் கூடுகள் பொதுவாகக் கூடவில்லை என்பதுதான் அதன் முடிவு.

சாம்பல்நாரை:
ஆராய்ச்சியாளர் வருவார், முட்டையை எண்ணுவார், போய்விடுவார். இலையைக் கட்டிவிட்டு வெளிச்சத்துக்காக உட்கார்ந்திருக்க மாட்டார். அவர் போனதைப் பார்த்து மறுநாள் பத்து லென்ஸ்களும் வராது. நம் படத்துக்கு வரும். மிரட்சிக்கும் ஆபத்துக்கும் உள்ளாகும் இனங்களின் சரியான இடத்தை பறவை பார்த்தவர்கள் பதிவு செய்யும் ஈபேர்ட் தளம் பொதுப் பார்வைக்குக் காட்டாமல் மறைப்பது சும்மா இல்லை.

ஆறுமணி வெளிச்சம்:
அப்படியானால் இடத்தின் பெயரை நீக்குங்கள், படத்தை ஏன் நீக்குகிறீர்கள்? லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகப் போட்டியில் 2009இல் முதல் பரிசு வாங்கிய, வேலிக்கதவைத் தாண்டும் ஓநாய்ப் படத்தை 2010இல் நீக்கினார்கள். அது பழக்கிய ஓநாயாக இருக்கும் என்று நடுவர்கள் முடிவு செய்தார்கள், எடுத்தவர் மறுத்தார். 2017இல் ஒரு பிரிவில் பரிசு பெற்ற எறும்புத்தின்னி, பாடம் செய்த உடல் என்று 2018இல் முடிவானது. அங்கேயும் எடுத்தவர் மறுத்தார். அதற்காக ஓநாயையே யாரும் படம் எடுக்கக் கூடாது என்றா சொன்னார்கள்? ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகத்தான் விசாரித்தார்கள்.

சாம்பல்நாரை:
பரிசுப் படத்தை விசாரிக்க நடுவர் குழு இருக்கிறது. இங்கே தினமும் வந்து விழுகிற படங்களை யார் விசாரிப்பது, நீங்களா? சரி, ஒரு சோதனை சொல்கிறேன். முக்காலி, உங்கள் கேமரா அட்டையில் அன்றைய படங்கள் எல்லாமே இருக்கும் அல்லவா? அலகில் இரையோடு வந்த பறவை நேராகக் கூட்டுக்குள் போனதா, இல்லை உங்களைக் கண்டு மிரண்டு கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்ததா? நேரத்தோடு சொல்லுங்கள்.

பழைய ஃபிலிம்காரன்:
நல்ல கேள்வி. நான் கேட்டிருக்க வேண்டியது.

முக்காலி:
இப்போதுதான் பார்த்தேன். புழுவோடு முதல் படம் 7:12. அதன்பின் 43 படங்கள், எல்லாவற்றிலும் அதே புழு, பக்கத்துக் கிளைகள், பார்வை என் பக்கம். நான் போட்ட படமும் அதில் ஒன்றுதான். கூட்டுக்குள் தலை நுழைத்த படம் 7:31, அது நூலை அவிழ்த்துவிட்டுப் பின்னால் வந்த பிறகு எடுத்தது. வால் நீளம்தான், ஆண் பறவை.

ஆனாலும் ஒட்டுமொத்தத் தடையை ஏற்க மாட்டேன். 7:31 படத்தைப் போடட்டுமா? அதில் இலைதான் அதிகம் தெரிகிறது.

சாம்பல்நாரை:
நெறியாளர் அதையும் நீக்கிவிடுவார். நீக்கினால் நான் உங்கள் பக்கம் பேசுகிறேன்.