‘மெயில் திரும்பி வந்துவிட்டது’ என்ற அறிவிப்பை மாற்றி எழுதியவர்கள்: அனுபவப் பகிர்வு

ராணிப்பேட்டை தோல்காரன்:

மெயில் போய்ச் சேராதபோது போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் அனுப்புமே, எல்லோரும் பார்த்திருக்கும் அதே அறிவிப்புதான். தெரிவிக்க வருந்துகிறேன் என்று ஆங்கிலத்தில் தொடங்குமே, அது. எங்கள் ஏற்றுமதிப் பிரிவில் ஒரு பெரியவர் இருக்கிறார். தோலை விரலால் தடவிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார். இத்தாலி வாடிக்கையாளருக்கு அவர் விலைப்பட்டியல் அனுப்பியிருந்தார். பதில் வந்ததா ஐயா என்று கேட்டேன். “வந்துவிட்டது தம்பி, ஃபைலில் போட்டுவிட்டேன்” என்றார்.

ஃபைலை எடுத்துப் பார்த்தால் அந்த அறிவிப்பு! அச்செடுத்து, துளையிட்டு, மேல் மூலையில் தேதி எழுதி, அந்த வாடிக்கையாளரின் பிரிவிலேயே கோத்து வைத்திருந்தார். தாளில் வாடிக்கையாளரின் முகவரி இருந்தது, இங்கிலீஷில் நாலு வரி மரியாதையாக இருந்தது. பதில் என்று எடுத்துக்கொள்ள வேறென்ன வேண்டும்? அதற்கும் கீழே பொடி எழுத்தில் 550 5.1.1 என்று, அப்படி ஒரு முகவரி இல்லை என்பதற்கான பிழை எண் இருந்ததை யார் பார்ப்பார்கள்? முகவரியில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. பட்டியல் போய்ச் சேரவே இல்லை.

அவர்மேல் எனக்குத் துளியும் கோபம் வரவில்லை. அந்த வாசகத்தின் மேல்தான் வந்தது. வருத்தம் தெரிவிக்கிறது, உதவி வேண்டுமானால் போஸ்ட்மாஸ்டருக்கு, அதாவது மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு எழுது என்கிறது, எழுதும்போது இந்த அறிக்கையையும் சேர்த்து அனுப்பு என்கிறது. யாருக்குப் போகவில்லை, ஏன் போகவில்லை என்பது இத்தனைக்கும் பிறகு வருகிறது. அன்று மாலையே தோல்வி அறிவிப்புக்கான டெம்ப்ளேட்டை, அதாவது சர்வர் எடுத்து அனுப்பும் மாதிரி வாசகத்தைத் தமிழில் எழுதினேன். இப்போது அதன் தலையில் இருப்பது இது:

“இது வாடிக்கையாளரின் பதில் இல்லை. நீங்கள் அனுப்பிய மெயில் போய்ச் சேரவில்லை. கீழே உள்ள முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். காரணம் விளங்காவிட்டால் கணினி அறைக்கு வாருங்கள்.”

இதன் கீழே ஆங்கிலத்திலும் அதே நான்கு வரிகள். பெரியவர் இப்போது தாளோடு நேராக என்னிடம் வந்துவிடுகிறார்.

காட்பாடி இரவுப்பணி:

எனக்கு மறக்காதது, மெயில் இன்னும் போகவில்லை, முயன்றுகொண்டிருக்கிறேன் என்று சொல்லும் தாமத அறிவிப்பு. போஸ்ட்ஃபிக்ஸ் அதை இயல்பாக அனுப்பாது, தாமத எச்சரிக்கை நேரம் பூஜ்யமாகவே வரும். மறுமுனை சர்வர் படுத்துவிட்டால் 5 நாள் வரைக்கும் முயன்றுவிட்டுப் பிறகுதான் கைவிரிக்கும். கல்லூரி அலுவலகத்துக்கு 5 நாள் என்பது ஒரு கடைசித் தேதி வந்து போகும் காலம். ஆகவே 4 மணி நேரம் என்று வைத்தேன்.

முதல் தாமத அறிவிப்பு வந்த அன்று அலுவலக அம்மா ஒருவர் அதே மெயிலை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருந்தார். போய் எட்டிப் பார்த்தேன். திரையில் பெரிய எழுத்தில், இது வெறும் எச்சரிக்கை, திரும்ப அனுப்ப வேண்டியதில்லை என்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தது. அவர் கண்ணில் பட்டது எச்சரிக்கை என்ற ஒரு சொல். மறுமுனை உயிர் பெற்றதும் அத்தனை பிரதிகளும் ஒன்றாகப் போய் விழுந்தன. அந்த அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அவரைத் திட்டினார்கள். பாவம், கண்கலங்கிவிட்டார்.

இப்போது அந்த டெம்ப்ளேட்டின் முதல் வரி: “உங்கள் மெயில் நம் சர்வரில் பத்திரமாக இருக்கிறது.” எச்சரிக்கை என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். எத்தனை மணி நேரம் ஆயிற்று, எத்தனை நாள் வரை முயலும் என்பதற்கு மட்டும் சர்வரே எண்ணை நிரப்பும் மாறிகளை அப்படியே விட்டிருக்கிறேன். அமைப்பை மாற்றினால் எண் தானாக மாறிக்கொள்ளும்.

சத்துவாச்சாரி:

தோல்காரரே, உங்கள் பெரியவரை நினைத்தால் மனம் இளகுகிறது, ஆனால் நீங்கள் செய்தது எனக்கு ஒப்பவில்லை. ஏற்றுமதி நிறுவனம் வெளிநாட்டுக்காரருக்குத் தமிழில் அறிவிப்பு அனுப்பலாமா? ஜெர்மனியில் இருப்பவர் உங்கள் நிறுவனத்தின் பழைய முகவரிக்கு எழுதி, தமிழ் எழுத்துகளைப் பார்த்தால் வைரஸ் என்று அழித்துவிட மாட்டாரா? மேலும் மெயிலில் இருக்கும் தொழில்நுட்ப விவரத்தை மறைத்துவிட்டால், பிறகு கோளாறைத் தேடுகிறவர் எதை வைத்துத் தேடுவார்? எங்கள் ஆலையில் முன்பு பராமரிப்பு பார்த்தவர் இப்படித்தான் எல்லாவற்றையும் அழகுபடுத்திவிட்டுப் போனார். அவர் எழுதி வைத்திருந்த “சிறு தடங்கல் ஏற்பட்டுள்ளது” என்ற வரியை நம்பி ஒரு வாரம் காத்திருந்தோம். எங்கே தடங்கல், யாருக்குத் தடங்கல்?

வாணியம்பாடி பாலாற்றங்கரை:

சத்துவாச்சாரி நண்பருக்கு: இரண்டும் நடக்காது.

முதலில் தொழில்நுட்ப விவரம். போஸ்ட்ஃபிக்ஸ் டெம்ப்ளேட்டில் நீங்கள் தொடக்கூடியது தலைப்பும் முன்னுரையும் மட்டுமே. அதன் பின்னால் மறுமுனை சர்வர் சொன்ன பதில் அப்படியே வரும். அதற்கும் பின்னால், இயந்திரம் படிப்பதற்கான பகுதி தனியாக வரும், ஆர்எஃப்சி 3464 என்ற இணையத் தர ஆவணம் சொல்லும் வடிவத்தில். நீங்கள் நினைத்தாலும் அதை அழிக்க முடியாது. உங்கள் ஆலையில் அந்தத் தடங்கல் வரிக்குக் கீழேயே காரணம் இருந்திருக்கும்.

அடுத்தது ஜெர்மானியர். இதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். எங்களிடம் வேலையை விட்டுப் போன மேலாளரின் முகவரிக்கு அங்கிருந்து ஒருவர் எழுதினார். எங்கள் சர்வர் அந்த மெயிலை உள்ளே வாங்கவே இல்லை, வாசலிலேயே 550 சொல்லி அனுப்பிவிட்டது. வாங்காத மெயிலுக்கு அறிவிப்பு எழுதுவது அவருடைய சர்வரின் வேலை. அது தன் சொந்த வாசகத்தை எழுதி, எங்கள் சர்வர் சொன்ன ஒற்றை வரியை நடுவில் ஒட்டி அவருக்குக் கொடுத்தது. நம் டெம்ப்ளேட் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. நம் டெம்ப்ளேட்டைப் பெரும்பாலும் படிக்கிறவர்கள் நம் ஊழியர்கள்தான். தோல்காரர் தமிழில் எழுதியது முற்றிலும் சரி.

ஆனால் அந்த ஒற்றை வரி என்ன செய்தது தெரியுமா? பெறுநர் முகவரி மறுக்கப்பட்டது, உள்ளூர்ப் பெறுநர் பட்டியலில் அப்படி ஒரு பயனர் இல்லை என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஆண்டுக்கணக்காக எங்களிடம் தோல் வாங்குகிறவர் முதலாளியைக் கைபேசியில் அழைத்து, கம்பெனியை மூடிவிட்டீர்களா என்று கேட்டார். முதலாளி போனைக் கையில் பிடித்தபடியே என் மேசைக்கு வந்து நின்றார். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

இடம் மாறியவர்களுக்கென்று போஸ்ட்ஃபிக்ஸில் ஒரு பட்டியல் உண்டு. பழைய முகவரிக்கு எதிரே புதிய முகவரியை எழுதி வைத்தால், பயனர் இன்ன முகவரிக்கு மாறிவிட்டார் என்று 5.1.6 எண்ணோடு வாசலிலேயே சொல்லும். 2.8 பதிப்பு முதல் மறுப்பு வரிகளுக்கு அடிக்குறிப்பு சேர்க்கவும் வழி இருக்கிறது. அங்கே அலுவலகத் தொலைபேசி எண்ணை ஆங்கிலத்தில் போட்டுவிட்டேன். வெளிநாட்டுக்காரருக்காகக் கவலைப்படுகிறவர்கள் திருத்த வேண்டிய இடம் அது.

சத்துவாச்சாரி:

பாலாற்றங்கரை சொல்வது விளங்குகிறது. ஆனாலும் “சிறு தடங்கல்” என்று எழுதியது குற்றம்தான். அதில் மாற்றமில்லை.

சிப்காட் ஷிஃப்ட்:

எங்களிடம் மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்ச். அங்கே ஒவ்வொரு பிழை எண்ணுக்கும் தனித்தனி வாசகம் வைக்கலாம், உள்ளே இருப்பவருக்கு ஒன்று, வெளியே இருப்பவருக்கு ஒன்று என்றும் பிரிக்கலாம், மொழிவாரியாகவும் வைக்கலாம். பெட்டி நிரம்பிய 5.2.2 எண்ணுக்கு நான் எழுதியது நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் கணக்குப் பிரிவுத் தம்பி ஓடி வந்து, “அண்ணா, பெட்டி நிரம்பிவிட்டதாம், இதில் பாஸ்வேர்டு கேட்கிறது, போடவா?” என்று கேட்டார். திரையில் இருந்தது எங்கள் அறிவிப்பு இல்லை. அதே மாதிரி சட்டை போட்ட கள்ள மெயில். அவர் விரல் அந்த நீலப் பொத்தானின் மேலேயே இருந்தது.

இதை எழுதுவதற்குக் காரணம் அதுதான். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பில் சுட்டி வைக்காதீர்கள். ஒன்றுகூட வேண்டாம். எக்ஸ்சேஞ்ச் அனுமதிக்கிறது என்பதற்காக உதவிப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கிறோம், மக்கள் அதைச் சொடுக்கிப் பழகுகிறார்கள், அந்தப் பழக்கத்தைத்தான் திருடன் எதிர்பார்த்துக் காத்திருக்கிறான். “இந்த அறிவிப்பில் சொடுக்க வேண்டியது எதுவும் இராது, பாஸ்வேர்டு ஒருபோதும் கேட்கமாட்டோம்” என்ற வரியைச் சேருங்கள், சேர்த்துவிட்டு அதற்குக் கட்டுப்பட்டும் இருங்கள். நிறுவனச் சின்னம், வண்ணம் எதுவும் வேண்டாம், அவற்றை நகலெடுப்பது எளிது. உள் தொலைபேசி எண் போதும். அதுவும் மேசையில் ஒட்டிய தாளிலும் அதே எண் இருக்க வேண்டும், அப்போதுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பிழை எண்ணை மறைக்காதீர்கள். 4 என்று தொடங்கினால் தற்காலிகம், 5 என்று தொடங்கினால் இனி முயற்சி இல்லை. இந்த ஒன்றை மட்டும் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன், லேத் ஓட்டுகிறவர்கள்கூட இப்போது எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். இன்னொன்று, ஒருவர் அனுப்பாத மெயிலுக்கு அவருக்குத் தோல்வி அறிவிப்பு வந்தால், யாரோ அவருடைய முகவரியைப் போட்டுக் குப்பை அனுப்பியிருக்கிறார்கள் என்று பொருள். “நீங்கள் இதை அனுப்பவில்லையென்றால் எங்களிடம் சொல்லுங்கள்” என்று ஒரு வரி வையுங்கள். பாலாற்றங்கரை சொன்னதுபோல இல்லாத முகவரிகளை வாசலிலேயே மறுத்துவிட வேண்டும். வாங்கிவிட்டுப் பிறகு திருப்பி அனுப்பும் சர்வர்கள்தான் அப்பாவிகளின் பெட்டியை நிரப்புகின்றன.

காட்பாடி இரவுப்பணி:

சுட்டி வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வண்ணம் வேண்டாம் என்பதில் உடன்பாடில்லை. ஆனால் போஸ்ட்ஃபிக்ஸில் அந்தப் பேச்சே எழாது, வெறும் எழுத்துதான்.

ஆரணி பட்டு:

மாவட்டம் பிரித்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன, ஆனாலும் வட ஆற்காட்டுக்காரன் என்ற உரிமையில் எழுதுகிறேன். தோல்காரர் போலவே தமிழில் எழுதி, சேமித்து, சர்வரைப் புதுப்பித்தேன். வந்தது பழைய இங்கிலீஷ் அறிவிப்பே. திரும்பத் திரும்ப அதே. நெசவாளர் சங்கத்துக்காரர்கள் பக்கத்தில் நின்று, “தமிழ் அதற்குப் பிடிக்காது போலிருக்கிறது” என்று முகம் வாடிப் போனார்கள். அது என்னைச் சுட்டது.

சர்வர் தன் வேலைகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டைத் திறந்தேன். டெம்ப்ளேட்டில் 8 பிட் எழுத்து (தமிழ் போன்றது) இருக்கிறது, எழுத்துத்தொகுதி ஆங்கிலத்துக்கு மட்டுமான யுஎஸ் அஸ்கி என்று இருக்கிறது, ஆகவே உள்ளே இருக்கும் சொந்த வாசகத்தையே அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தது. மாதிரிக் கோப்பிலிருந்து நகலெடுக்கும் எல்லோருக்கும் அந்த அஸ்கி வரி கூடவே வந்துவிடும். அதை எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யுடிஎஃப் 8 என்று மாற்றியதும் தமிழ் வந்தது. பொருள் வரியில் மட்டும் ஆங்கில எழுத்துகளே இருக்கட்டும், தமிழை நேராக அங்கே போடாதீர்கள். வாசகம் முடிகிறது என்று காட்டும் இஓஎஃப் (EOF) வரியின் முன்னால் இடைவெளி விடாதீர்கள். அமலாக்கும் முன் போஸ்ட்ஃபிக்ஸின் போஸ்ட்கான்ஃப் கட்டளையை சிறிய பி (-b) தெரிவோடு ஓட்டினால், மாறிகளெல்லாம் நிரம்பி, ஊழியர் எப்படிப் பார்ப்பாரோ அப்படியே திரையில் காட்டும்.

தோல்காரருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நான்கு வரிகளை எங்கள் சங்கத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா? “வாடிக்கையாளர்” என்பதை மட்டும் “கடைக்காரர்” என்று மாற்றிக்கொள்கிறேன்.

ராணிப்பேட்டை தோல்காரன்:

தாராளமாக. “கணினி அறைக்கு வாருங்கள்” என்பதையும் மாற்றிவிடுங்கள், உங்கள் நெசவாளர்கள் வீட்டிலிருந்து மெயில் பார்ப்பார்கள். தொலைபேசி எண் போடுங்கள்.