புதுப்பிப்பு: வீட்டுச் சர்வரைக் கண்காணிக்க எது உதவியது

திருவொற்றியூரில் என் வீட்டுச் சர்வர் இரவுகளில் திடீரென முடங்குவதால், எந்தக் கண்காணிப்புக் கருவி பொருந்தும் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

முதலில் நிறுவிய பிராமிதியஸும் (அளவீடுகளைச் சேகரிப்பது) கிராஃபானாவும் (அவற்றை வரைபடமாகக் காட்டுவது) ஒரே ஒரு சர்வருக்கு மிகை என்றே தோன்றியதால், இங்கு ஒருவர் பரிந்துரைத்தபடி, சர்வர் இயங்குகிறதா என்று பார்க்க அப்டைம் கூமாவையும், உள்நிலையை நொடிக்கு நொடி காண நெட்டேட்டாவையும் வைத்துக்கொண்டேன். கூமாவைச் சர்வரிலேயே நிறுவியது என் தவறு: சர்வர் முடங்கியபோது எச்சரிக்க வேண்டியதும் சேர்ந்தே முடங்கியது. இப்போது அது பழைய ராஸ்பெரி பை (கையடக்கக் கணினி) ஒன்றில் இயங்குகிறது. அதுவும் ரூட்டரும் இன்வர்ட்டரில் இருப்பதால், மின்வெட்டிலும் டெலிகிராமில் செய்தி வந்துவிடுகிறது.

எதிர்பாராதது ஒன்று உண்டு. ஹார்ட் டிஸ்க் பழுது என்றே நினைத்திருந்தேன். ஆனால் அதன் ஸ்மார்ட் விவரங்களில் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் பட்டியல்), பழுதாகி மாற்றப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்) எண்ணிக்கை 0 ஆகவே இருக்க, 199ஆம் எண்ணிலுள்ள சிஆர்சி பிழைக் கணக்கு (தரவு கடக்கும்போது நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை) மட்டும் ஏறிக்கொண்டே போனது. அது பெரும்பாலும் கேபிளைத்தான் குறிக்கும். டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றினால், முனைகள் கறுத்திருந்தன (கடற்காற்று இங்கே ஜன்னல் கம்பியையே விட்டுவைப்பதில்லை). புதிய கேபிள் மாட்டி மூன்று வாரங்களாகச் சர்வர் முடங்கவில்லை. பழைய பிழைக் கணக்கு 0க்குத் திரும்பாது. மேலும் ஏறாமலிருந்தால் போதும்.