பாலைவனத்தில கோல்ஃப் விளையாடின நம்மட ஆக்கள் இருந்தாச் சொல்லுங்க

கல்லடி:
ஆறு வருசமாகுது, இன்னும் மனசை விட்டுப் போகல்ல. நான் டொரண்டோல இருந்த காலம். மார்ச் மாசம் மச்சானும் அவர்ர வேலைத்தலத்து ஆக்களும் அமெரிக்காவில அரிசோனாப் பாலைவனத்துப் பக்கம் இருக்கிற ஃபீனிக்ஸுக்குப் போக, நானும் போனன். ஸ்கொட்ஸ்டேல் பக்கம், காசு கட்டினா ஆரும் விளையாடலாம். அந்தப் பக்கத்து மைதானங்கள் தெரியும்தானே, புல்லைத் தாண்டினா கல்லும் முள்ளும்தான்.

11ஆம் குழியில பந்து வலப்பக்கம் போய் ஒரு சொய்யாக் கள்ளிக்குக் கீழ கிடக்கு. கண்ணுக்குத் தெரியுது, விட மனமில்ல. குனிஞ்சு கையை நீட்டினன், கள்ளியில ஒரு துண்டு கழண்டு புறங்கையில ஒட்டிட்டு. நம்மட நாகதாளி மாதிரியெண்டு நினைச்சு மற்றக் கையால இழுத்தன். ரெண்டு கையும் மாட்டிப்போச்சு. அந்த முள்ளு நுனியில தூண்டில் மாதிரிப் பின்பக்கமாச் செதில் இருக்கு. இழுக்க இழுக்கத் தோலும் சேர்ந்து எழும்புது.

அங்கால புல்லு வெட்டிக்கொண்டு நிண்ட ஒரு மனிசன் மிசினை நிப்பாட்டிப்போட்டு ஓடி வந்தார். ஸ்பானிஷ் மட்டும்தான் கதைச்சார். பின்பொக்கற்றில இருந்து ஒரு கறுப்புச் சீப்பை எடுத்தார், அதில ரெண்டு பல்லு இல்ல. கள்ளிக்கும் தோலுக்கும் இடையில செருகி ஒரு சுண்டு. துண்டு தெறிச்சுப் போய் மண்ணில விழுந்திச்சு. மறுகா மிஞ்சின முள்ளை ஒவ்வொண்டா ஒரு சின்னக் குறட்டால பிடுங்கினார். பின்னால ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கிறாங்களெண்டு மச்சான் அவசரப்படுத்த, நான் கார்ட்டில ஏறிட்டன். நன்றி சொன்ன ஞாபகமே இல்ல. அவர்ர முகமும் மறந்துபோச்சு. சீப்பு மட்டும் கண்ணுக்குள்ள நிக்குது.

அக்கரைப்பற்று:
கல்லடித் தம்பி, குறை நினைக்காதீங்க, நீங்க விளையாடினது புல்லு மைதானம். துபாயில 1988ல எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்பிட புல்லு மைதானம் வரும்வரைக்கும் அந்தப் பக்கம் ஆக்கள் விளையாடினது முழு மணலில. நான் அபுதாபியில வேலை செய்யக்குள்ள அப்பிடி ஒண்டில விளையாடியிருக்கன். குழியைச் சுத்தி இருக்கிறது பச்சைப் புல்லுக் கிரீன் இல்ல, பிரவுன். எண்ணெய் கலந்து இறுக்கின மணல் வட்டம். கையில ஒரு துண்டுப் பச்சைப் பாய் கொண்டு போகணும், பந்தை அதில வச்சுத்தான் அடிக்கிற. வட்டத்தை விட்டுப் போகக்குள்ள நம்மட கால்தடத்தை நாமதான் இழுத்துக் கூட்டி மட்டமாக்கணும்.

ஒரு வெள்ளிக்கிழமை, சுபஹுத் தொழுகை முடிஞ்ச கையோட போன நாள். கூட வந்தவர் பாகிஸ்தான்காரர், அறுபது வயசு வரும். கடைசிக் குழியில நான் கூட்டினது சரியில்லையெண்டு திரும்பிப் போய் முழு வட்டத்தையும் மறுபடி கூட்டினார். எங்களுக்குப் பின்னால கண்ணுக்கெட்டின தூரம் ஒரு ஆள் இல்ல. இனி ஆரு வரப்போறா எண்டு கேட்டன். அவர் கூட்டிக்கொண்டே இருந்தார்.

 

கல்முனை:
அக்கரைப்பற்றுக் காக்கா சொல்றதை ஏத்துக்கொள்ள ஏலாது. ஃபீனிக்ஸில ஒரு வருச மழை 200 மில்லிமீற்றர்கூட இல்ல. நம்மட மட்டக்களப்பில மாரி ஒரு மாசத்தில அதைவிடக் கூடக் கொட்டும். புல்லுப் போட்டாலும் பாலைவனம் பாலைவனம்தான்.

நான் ஜூன் மாசம் அங்க போய் 14ஆம் குழியில தலை சுத்தி விழுந்தவன். போற ஆக்கள் இதைக் கேளுங்க. கோடையில காசு குறைவு, ஏனெண்டா வெயில் 40 பாகையைத் தாண்டும். விடியக்காலை முதல் நேரத்தைப் பிடிங்க, தாகம் வரமுதல் தண்ணி குடிங்க. ஒக்டோபர் பக்கம் போறதெண்டாக் கேட்டுட்டுப் போங்க, மாரிப்புல்லு விதைக்கிறதுக்கெண்டு கனக்க மைதானம் ரெண்டு மூண்டு கிழமை பூட்டிக்கிடக்கும். முதல் தரம் போறவங்க நகரசபை மைதானத்தில தொடங்குங்க, 1963ல திறந்த பப்பாகோ மாதிரி. சூட்டில பந்து தூரம் போகும், வழமையா எடுக்கிறதைவிடத் தூரம் குறைவா அடிக்கிற மட்டையை எடுங்க. கல்லுக்குக் கீழ, பத்தைக்குக் கீழ கை விடவே வேணாம், கிலுகிலுப்பைப் பாம்பு கிடக்கும். தண்டமா ஒரு அடியைக் கணக்கில கூட்டிக்கொண்டு அடுத்த பந்தை வைங்க. பையில ஒரு சீப்பு வைங்க.

கல்லடி:
அண்ணே, சீப்பு அடுத்த நாளே வாங்கிட்டன், இப்பவும் பையில கிடக்கு. நான் கேட்க வந்தது வேற. அந்த மைதானத்துக்கு ஒரு கடிதம் எழுதினா, 11ஆம் குழியில புல்லு வெட்டின மனிசனுக்கு அது போய்ச் சேருமா? ஸ்பானிஷ் எழுதத் தெரிஞ்ச ஆக்கள் ஆராவது இருக்கிறீங்களா?