புதுப்பிப்பு: எலும்பு அடர்த்தி, மார்பகப் புற்றுநோய் – அம்மாவின் கால்சியத்தை நிறுத்தணுமா?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. எலும்பு அடர்த்தி அதிகமுள்ள வயதான பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு கூடுதல் என்று படித்துவிட்டு, அம்மாவின் கால்சியம் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தேன். அம்மா மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, அது திரும்ப வராமலிருக்க லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடுகிறார்.

நிறுத்தவில்லை. டாக்டர் சொன்னது: தொடர்பு உண்மைதான், ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். பல வருடம் அது அதிகம் சுரந்த உடம்பில் எலும்பும் கெட்டியாக இருக்கும், மார்பகத் திசுவும் தூண்டப்பட்டிருக்கும். கால்சியத்தின் மேல் பழி இல்லை. லெட்ரோசோல் அந்த ஈஸ்ட்ரோஜனையே அடியோடு குறைப்பதால் எலும்பு தேய்வதுதான் இப்போது கவலை.

"டெக்சா ஸ்கேன் கேளுங்க" என்று இங்கே வந்த யோசனைதான் கைகொடுத்தது; எலும்பு அடர்த்தியை அளக்கும் ஸ்கேன் அது. இடுப்பில் டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளவயதினரின் எலும்போடு ஒப்பிட்ட அளவு) மைனஸ் 2.6. மைனஸ் 2.5 வந்தாலே ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய், கணக்கு. (எலும்பு கெட்டி என்ற பேச்சே அம்மாவுக்குப் பொருந்தவில்லை!) எலும்பு தேய்வதைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோலெட்ரோனிக் அமில ஊசி எழுதினார் டாக்டர்.

எதிர்பாராதது, முதலில் பல் டாக்டரிடம் அனுப்பியது. இந்த ஊசியால் அரிதாகத் தாடை எலும்பு பாதிக்குமாம். ஆடிய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, புண் ஆறிய பிறகே ஊசி. மறுநாள் காய்ச்சல், உடம்பு வலி. முதல் ஊசிக்கு அது சகஜம், பாராசிட்டமாலில் அடங்கியது. கால்சியமும் வைட்டமின் டியும் தொடர்கின்றன.