நாட் என்பதற்கு ‘முகவரிப் பிரதியீடு’ சரிவருமா?

வணக்கம் சேர்,

வீட்டுக் கருவிகளின் முகவரி இருக்கும் இடத்தில் ரவுட்டர் தன் வெளி முகவரியைப் போட்டு இணையத்துக்கு அனுப்புவதுதான் நாட் (NAT, Network Address Translation). அதற்குத் தமிழில் வந்த இரண்டு சொற்களும் எனக்கு ஒப்பவில்லை. ‘முகவரி மொழிபெயர்ப்பு’ என்றால் எந்த மொழி என்று பிள்ளைகள் கேட்பார்கள். ‘முகவரி மாற்றம்’ வீடு மாறினவர் தபால் கந்தோருக்குக் கொடுக்கிற அறிவித்தல் மாதிரி இருக்கிறது; போனின் முகவரியோ கடைசிவரை மாறுவதேயில்லை.

‘முகவரிப் பிரதியீடு’ என்போம். சமன்பாட்டில் பெறுமானத்தைப் பிரதியிட்டுப் பழகின ஓ.எல். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. ‘பதிலீடு’ கேட்பவர்கள் ‘பதில் பொதியின் பதிலீடு’ (பொதி என்பது வலையில் போகும் தரவுத் துண்டு, packet) என்று ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்.

லயத்துக் காம்பராவுக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறைக்கு) தனி விலாசம் இல்லாமல், கடிதமெல்லாம் தோட்டத்து விலாசத்துக்கு வந்து ஆபீசில் பிரிபடுவது மலையகத்தில் தெரிந்த சங்கதி. அதைச் சொல்லிவிட்டு இந்த எண்களைப் பலகையில் போடலாம். 192.168.1.14 என்ற போன், போர்ட் (கருவிக்குள் எந்தச் செயலி என்று காட்டும் எண்) 51512 இலிருந்து ஒரு பொதியை அனுப்புகிறது. ரவுட்டர் அனுப்புநர் இடத்தில் 203.0.113.7, போர்ட் 40001 என்று பிரதியிட்டு, இரண்டு முகவரி-போர்ட் சோடியையும் தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பெறுநரைத் தொடாது. பதில் 40001 க்கு வந்ததும் அட்டவணையைப் பார்த்து, இப்போது பெறுநர் இடத்தில் பழைய சோடியைப் போட்டு உள்ளே விடும். (203.0.113 உதாரணத்துக்கென்றே ஒதுக்கிய தொகுதி, பயப்படாமல் எழுதலாம்.)

கடையில் கெமரா பூட்டினவர் வெளியூரிலிருந்து பார்க்க முடியாமல் நிற்பதும் இதனால்தான். முதல் பொதி வெளியிலிருந்து வருகிறது. அட்டவணையில் அதற்கு வரி இல்லை. ரவுட்டர் தூக்கிப் போட்டுவிடும். அந்தப் போர்ட்டைக் கெமராவுக்குத் திருப்பி நாமே ஒரு வரி எழுத வேண்டும். சிம் போட்ட ரவுட்டரில் எழுதியும் சரிவராவிட்டால் அதன் வெளிப்பக்க ஐபி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், கம்பனிக்காரர் அங்கே இன்னொரு தடவை பிரதியிடுகிறார்கள். அந்த அட்டவணை நம் கைக்கு எட்டாது.

~

தம்பி,

சொல் எனக்குச் சம்மதம். ஒரு குறை: உங்கள் உதாரணத்தில் போர்ட்டும் மாறுகிறது, பெயரில் அது இல்லையே. ஒரே வீட்டில் இரண்டு போன்கள் 51512 ஐயே பிடித்து ஒரே தளத்துக்குப் போனால், முகவரியை மட்டும் பிரதியிட்டால் பதில் யாருக்கென்று பிரிக்க முடியாது. ஆகவே பொதுப்பெயர் ‘முகவரிப் பிரதியீடு’, வீட்டு ரவுட்டர் செய்வது ‘முகவரி-போர்ட் பிரதியீடு’. போர்ட்டைத் ‘துறை’ ஆக்க வேண்டாம். இங்கே துறை என்றால் தேயிலைத்துறைதான் காதில் விழும்.