சி மொழி: புது ஃபர்ம்வேர் ஏற்றியும் லாகில் பழைய பில்ட் தேதி வருகிறது, ஏன்?

அம்பத்தூர்க்காரன்:
வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் மோட்டார் கண்ட்ரோலர் செய்யும் சின்ன நிறுவனத்தில் ஃபர்ம்வேர் (போர்டுக்குள் ஓடும் புரோகிராம்) எழுதுகிறேன். போர்டு ஆன் ஆனதும் சீரியல் போர்ட்டில் பில்ட் நேரம் வரட்டும் என்று மெயின்.சி-யில் இந்த வரியைப் போட்டிருக்கிறேன்:

புட்ஸ்("பில்ட்: " __டேட்__ " " __டைம்__);

போன வாரம் மோட்டார்.சி-யில் ட்ரை ரன் கட்-ஆஃப் (தண்ணீர் இல்லாதபோது மோட்டாரை நிறுத்துவது) திருத்தினேன். மேக் (பில்ட் செய்யும் டூல்) ஓடியது, போர்டில் ஃப்ளாஷ் ஏறியது. ஸ்ரீபெரும்புதூர் சைட்டில் பார்த்தால் லாகில் மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி! மறுபடி மூன்று முறை ஏற்றினேன், அதே தேதிதான். ஆனால் தொட்டியைக் காலி செய்ததும் புது கட்-ஆஃப் சரியாக வேலை செய்கிறது. கஸ்டமர் பக்கத்தில் நின்று, "பழசையே போடுறீங்களா சார்?" என்று கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. ஜிசிசி கம்பைலரில் கோளாறா?

பல்லாவரம் 43:
மேக் கிளீன் கொடுத்துப் பில்ட் செய்யுங்கள், சரியாகிவிடும். இல்லாவிட்டால் டைம்ஸ்டாம்ப் மேக்ரோவைப் போட்டுப் பாருங்கள்.

பெருங்குடி ஃபர்ம்வேர்:
கம்பைலரில் கோளாறு இல்லை தம்பி. நீங்கள் போட்ட __டேட்__, __டைம்__ மேக்ரோக்கள் காட்டுவது முழு புரோகிராமும் பில்ட் ஆன நேரத்தை அல்ல. அவை எழுதியிருக்கும் அந்த ஒரு கோப்பு கம்பைல் ஆன நேரத்தை. ப்ரீபிராசஸர் (கம்பைலின் முதல் படி) மெயின்.சி-யைப் படிக்கும்போது தேதியை வெறும் ஸ்ட்ரிங்காக ஒட்டிவிடுகிறது. நீங்கள் மாற்றியது மோட்டார்.சி. மேக் அதை மட்டும் கம்பைல் செய்து, முன்பே கம்பைல் ஆகிக் கிடந்த பழைய மெயின்.ஓ-வோடு லிங்க் செய்து சேர்த்துவிட்டது. தேதி அங்கேயே உறைந்து கிடக்கிறது.

கிளீன் செய்தால் சரியாகும், ஆனால் ஒரு நாள் மறந்தால் மறுபடி இதே கதைதான். டைம்ஸ்டாம்ப் உதவாது: அது சோர்ஸ் கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம், சி தரத்திலும் இல்லாதது.

அந்த வரியை வெர்ஷன்.சி என்று தனிக் கோப்புக்கு மாற்றி ஒரு ஃபங்ஷனாக்குங்கள். மேக்ஃபைலில் வெர்ஷன்.ஓ-வுக்கு மற்ற எல்லா .ஓ கோப்புகளையும் டிபெண்டன்சியாகக் கொடுங்கள். எது மாறினாலும் அதுவும் கூடவே கம்பைல் ஆகும். எதுவும் மாறாவிட்டால் சும்மா இருக்கும். தயவுசெய்து பல கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் ஹெடரில் போட்டுவிடாதீர்கள், ஒவ்வொரு கோப்பும் ஒரு நேரம் சொல்லும்.

முடிந்தால் கிட் கமிட் எண்ணையும் (சோர்ஸின் அந்த வெர்ஷனுக்கான அடையாளம்) கம்பைலரின் மைனஸ் டி ஆப்ஷன் வழியாக அனுப்பி லாகில் சேருங்கள். சைட்டில் எந்த சோர்ஸ் கோட் ஓடுகிறது என்பதை அதுதான் உறுதியாகச் சொல்லும்.

அம்பத்தூர்க்காரன்:
அண்ணா, லேப்டாப்பில் சரியாக வருகிறது, ரொம்ப நன்றி! ஆனால் பில்ட் சர்வரில் காலை 10:12-க்குச் செய்தது 04:42 என்று வருகிறது.

பெருங்குடி ஃபர்ம்வேர்:
சர்வர் யுடிசி-யில் ஓடுகிறது, அதனால் இந்திய நேரத்தைவிட 5:30 மணி குறைவு. டைம் மேக்ரோ கம்பைல் செய்யும் மெஷினின் நேரத்தைத்தான் எடுக்கும், எந்த நேர மண்டலம் என்று சொல்லாது. விடியற்காலை பில்ட் செய்தால் தேதியே ஒரு நாள் பின்னால் போகும். ரிலீஸ் எல்லாம் சர்வரில்தான் என்றால் லாகில் பக்கத்திலேயே யுடிசி என்று எழுதிவிடுங்கள்.

அப்புறம், லாகைப் பிரித்துப் படிக்கும் டூல் இருந்தால் கவனம். டேட் எப்போதும் 11 எழுத்து. தேதி 1 முதல் 9 வரை என்றால் பூஜ்ஜியம் வராது, மாதத்துக்கும் தேதிக்கும் நடுவில் இரண்டு ஸ்பேஸ் வரும்.

அம்பத்தூர்க்காரன்:
எங்கள் டூல் ஒரு ஸ்பேஸை வைத்துத்தான் பிரிக்கிறது. இன்றே மாற்றுகிறேன் அண்ணா.